வீட்டுத் தோட்டத்தில் கஞ்சா வளர்க்கலாமா?

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில், நகரை ஒட்டினாற்போல் இருக்கிறது வேங்கிக்கால். மாவட்ட கலெக்டர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. கொல்லையில் கீரைப் பாத்தி, ஓரத்தில் ஒரு முருங்கை என்று தோட்டம் போடும் வீடுகள் இங்கே உண்டு. மலையை நாடி வரும் வெளியூர்க்காரருக்கும் வெளிநாட்டாருக்கும் வாடகைக்கு விடும் வீடுகளும் உண்டு.

"ரசாயன உரம் போடவில்லை, மாட்டு எரு மட்டும்தான். சொந்த உபயோகத்துக்கு ஒரே ஒரு கஞ்சாச் செடி. அதுவும் மூலிகைதானே? அதில் என்ன தப்பு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டம் சொல்லும் பதில் என்ன?

ஒரு செடியும் குற்றமே

1985-ம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 8-வது பிரிவு, அனுமதியின்றிக் கஞ்சாச் செடி பயிரிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் 20-வது பிரிவின்படி 10 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை. ரூ.1 லட்சம் வரை அபராதமும் உண்டு.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. கையில் கஞ்சாவுடன் பிடிபட்டால், 1 கிலோ வரை "சிறிய அளவு" என்று கணக்கு. அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் செடி வளர்ப்பதற்கு "சிறிய அளவு" என்ற சலுகையைச் சட்டம் எழுதி வைக்கவில்லை. விதை ஊன்றியவர் எரு போட்டாரா, உரம் போட்டாரா என்றும் அது கேட்பதில்லை!

வீட்டுக்காரர் கவனத்துக்கு!

வாடகைக்கு விட்டிருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். தன் நிலத்தில் கஞ்சாச் செடி திருட்டுத்தனமாக வளர்ந்தால், நிலத்துக்கு உரியவர் உடனே போலீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்கிறது 46-வது பிரிவு. தெரிந்தும் சும்மா இருந்தால் அவருக்கும் தண்டனை உண்டு. தெரிந்தே இடம் கொடுப்பதும் 25-வது பிரிவின்படி குற்றம்.

"எங்கள் நாட்டில் வளர்க்கலாமே" என்று குடியிருக்கும் வெளிநாட்டார் சொல்லக்கூடும். அதுவும் பொய்யல்ல. கனடாவில் 2018 முதல் பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு 4 செடி வளர்க்கலாம். ஜெர்மனியில் 2024 முதல் வயது வந்த ஒருவர் 3 செடி வளர்க்கலாம். ஆனால் அந்த அனுமதி அந்த நாட்டு எல்லையோடு சரி. வேங்கிக்காலில் செல்லாது.

வெள்ளைக்காரன் வைத்த கமிஷன்

கஞ்சாவுக்கு இந்த நாட்டில் எப்போதும் இப்படிப்பட்ட தடை இருந்ததில்லை. 1893-ல் வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு கமிஷன் வைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அந்தக் கமிஷன், மிதமாக உபயோகித்தால் பெரிய கேடு இல்லை, மிஞ்சினால் கேடு என்றது. அடியோடு தடுப்பதைவிட, வரி போட்டுக் கட்டுப்படுத்துவதே மேல் என்றும் சொன்னது. 1961-ல் உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் பிடி இறுகியது. 1985 சட்டம் அதன் தொடர்ச்சி.

இன்றும் வழி முழுக்க அடைபடவில்லை. நாருக்கும் விதைக்கும் பயிரிட அரசாங்கம் அனுமதி தரலாம். உத்தரகாண்ட் மாநிலம் 2018-ல் அதற்கு உரிமம் கொடுத்தது. 2021-ல் கஞ்சா விதையும் விதை எண்ணெயும், நிர்ணயித்த வரம்புக்கு உட்பட்டு, உணவுப் பொருளாக ஏற்கப்பட்டன. சித்த, ஆயுர்வேத மருந்துகள் சிலவற்றில் இலை சேர்கிறது. ஆனால் அதைச் சுத்தி செய்யவும் அளவு பார்க்கவும் முறை உண்டு. கொல்லையில் கிள்ளி வாயில் போடுவது வைத்தியமாகாது.

எரு போட்டால் போதை போகுமா?

போகாது! போதை தரும் சத்தை 1964-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் பிரித்துக் காட்டினார்கள். அது செடியே தன் பிசினில் உண்டாக்குவது. இளம் வயதில் தொடர்ந்து உபயோகித்தால் நினைவாற்றல் கெடும். சிலருக்குச் சித்தம் கலங்கும். எரு இதை மாற்றாது. மண்ணில் ஈயம் போன்ற நச்சு உலோகம் இருந்தால், கஞ்சாச் செடி அதையும் உறிஞ்சிக்கொள்ளும்.

புளிச்சக்கீரையைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

கொல்லையில் கஞ்சா போலவே ஒரு செடி நிற்கிறதா? அவசரப்பட வேண்டாம். புளிச்சக்கீரையாக இருக்கலாம். விரல் விரித்தாற்போன்ற அதன் இலையைக் கண்டுதான், தாவர நூலார் அதற்குக் "கஞ்சா போன்றது" என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். கஞ்சா இலை அடிவரை தனித்தனி இதழாகப் பிரிந்திருக்கும், விளிம்பு ரம்பம் போல் இருக்கும், நெடி வீசும். புளிச்சக்கீரையின் விரல்கள் அடியில் ஒட்டியிருக்கும். இலையில் புளிப்பு இருக்கும். மஞ்சள் பூவின் நடுவில் கருஞ்சிவப்பு தெரியும்.

விதையிலிருந்து, எரு மட்டும் போட்டு ஒன்றை வளர்க்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசைதான். ஆடி மழையில் புளிச்சை விதையைத் தூவுங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் கீரை பறிக்கலாம். தண்டு முற்றினால் நாரும் கிடைக்கும். பக்கத்துப் பாத்தியில் சணப்பு விதையுங்கள். பூவெடுக்கும்போது, சுமார் 45 நாளில், மடக்கி மண்ணில் புதைத்தால் அதுவே தழையுரம்.

கீரை குழம்புக்கு ஆகும். தழை மண்ணுக்கு ஆகும். கலெக்டர் அலுவலகத்துக்கு எதிர்வீட்டிலேயே வளர்த்தாலும், யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை!