குழாய் வேலைக்காரரின் கூலி

ராக் இசை உலகத்தில் 'இண்டி' என்ற சொல் இன்று ஒருவகைச் சத்தத்தின் பெயர். எண்பதுகளில் அது ஒரு கணக்கின் பெயராக இருந்தது. தட்டு விற்று வரும் பணம் யார் கைக்குப் போகிறது, அடுத்த தட்டு எப்போது எப்படி வரணும்னு முடிவுசெய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. வாசிக்கிறவர் கையில் இருந்தால் அது சுயேச்சை இசை, சத்தம் எப்படி இருந்தாலும் சரி. இந்தப் பழைய அர்த்தத்தைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் சிகாகோவின் ஸ்டீவ் ஆல்பினி. 2024 மே 7 அன்று 61 வயதில் மாரடைப்பால் இறந்தார். பத்தே நாளில், மே 17 அன்று, அவரது ஷெல்லாக் குழுவின் கடைசி ஆல்பம் 'டு ஆல் ட்ரெய்ன்ஸ்' வெளிவந்தது. இறந்தபிறகு அவரை ஒரு முரட்டு மேதையாக வரைந்துவிடுவது சுலபம். அந்த மேதைக் கதையாடலைத்தான் அவர் வேலைநாள் முழுக்க மறுத்துவந்தார்.

1993இல் 'தி பாஃப்லர்' என்ற சிறுபத்திரிகையில் ஆல்பினி 'இசையின் பிரச்சினை' என்று ஒரு கட்டுரை எழுதினார். கலாச்சாரத் தொழிற்சாலை பற்றி அடோர்னோ எழுதியதை நாம் கோட்பாடாகப் படித்திருக்கிறோம். ஆல்பினி அதை வரவுசெலவுப் பட்டியலாகவே போட்டுக் காட்டினார். நாலுபேர் கொண்ட ஒரு கற்பனைக் குழு. பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம், முன்பணம் 2,50,000 டாலர். தட்டு 2,50,000 பிரதி விற்கிறது. பிரதி 12 டாலர் என்றால் கடையில் மொத்தம் 30 லட்சம் டாலர் புரண்டாச்சு. குழுவுக்கு ராயல்டி 13 சதவீதம். 'பேக்கிங்' என்று பத்தில் ஒரு பங்கைக் கழித்தபிறகு அது 3,51,000 டாலர்.

இங்கேதான் சூட்சுமம் ஆரம்பிக்கிறது. முன்பணம் என்பது சம்பளம் கிடையாது, ராயல்டியில் கழித்துக்கொள்ளும் கடன். ஸ்டூடியோ வாடகை, மேனேஜர், வக்கீல், வீடியோ எல்லாம் அதிலிருந்தே போகும். அந்த 2,50,000ஐக் கழித்துக்கொள்கிறார்கள். தயாரிப்பாளரின் பங்கு 40,000, விளம்பரம் 25,000, பழைய கம்பெனியிடமிருந்து குழுவை விடுவிக்கக் கொடுத்தது 50,000. எல்லாம் போக மிச்சம், குழு 14,000 டாலர் கடன்காரன். கம்பெனிக்கு லாபம் 7,10,000 டாலர். பாட்டை எழுதி வாசித்த ஆளுக்குத் தலைக்குச் சுமார் 4,000. இத்தனைக்கும் இது தோற்றுப்போன குழுவின் கணக்கில்லை, நன்றாக விற்ற குழுவின் கணக்கு. இதில் திருட்டு எதுவும் நடக்கவில்லை, எல்லாமே கையெழுத்துப் போட்ட காகிதத்தின்படிதான். வீட்டுக்கடனை முழுசாக அடைத்த பிறகும் வீடு பேங்க் பெயரிலேயே இருக்கிற மாதிரி, பதிவுச் செலவைக் குழு கட்டிமுடித்தாலும் மூலப்பதிவு கம்பெனிக்கே சொந்தம்.

இப்படி எழுதியவர் அதே ஆண்டு பெரிய கம்பெனிக்காக நிர்வாணா குழுவின் 'இன் யூடெரோ'வைப் பதிவு செய்தார். முரண்பாடு மாதிரித் தெரியும். ஆனால் அவர் வைத்த நிபந்தனையைப் பார்க்கணும். ராயல்டி வேண்டாம், ஒரே தொகையாக 1,00,000 டாலர் கூலி போதும். முப்பது லட்சம் பிரதி விற்கும் என்று வைத்துக்கொண்டால் ராயல்டியாகச் சுமார் 4,00,000 டாலர் வரும் என்று குழுவுக்கு எழுதிய கடிதத்தில் அவரே கணக்குப் போட்டிருந்தார். குழாய் வேலைக்காரர் மாதிரி வேலைக்குக் கூலி வாங்கிக்கொண்டு போகிறேன் என்பதே அவர் வாதம். பாட்டு எழுதியதும் வாசித்ததும் அவர்கள், தட்டை வாங்குவது அவர்களுடைய ரசிகர்கள். ஆகவே அந்த வருமானம் அவர்களுக்கு. தன்னைத் 'தயாரிப்பாளர்' என்று போடுவதையும் அவர் விரும்பவில்லை, 'பதிவு செய்தவர்' போதும் என்றார்.

இதை வெறும் பணிவாக வாசிக்கக் கூடாது. ஆசிரியன் செத்துவிட்டான் என்று பார்த் 1967இல் அறிவித்ததை நாம் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். ராயல்டிச் சீட்டில் அவன் உயிரோடுதான் இருக்கிறான், இன்னும் ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு. செய்த வேலைக்குக் கூலி என்பது ஒன்று. வேலை முடிந்தபிறகும் அதன்மேல் உட்கார்ந்து காலமெல்லாம் வாங்குவது வாடகை. ஆல்பினி மறுத்தது இந்த வாடகையைத்தான்.

மாற்று ஏற்பாடும் சிக்கலற்றது இல்லை. ஷெல்லாக்கின் தட்டுகளை வெளியிட்ட 'டச் அண்ட் கோ' எழுத்து ஒப்பந்தம் போடாத கம்பெனி. செலவு போக லாபத்தில் ஆளுக்குப் பாதி, கைகுலுக்கினால் முடிந்தது. நம்பிக்கைதான் அங்கே சட்டம். பட்ஹோல் சர்ஃபர்ஸ் குழு பெரிய கம்பெனிக்குப் போனபிறகு தன் பழைய தட்டுகளைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டது. காலவரையறை இல்லாத வாய்மொழி ஒப்பந்தத்தை ஒருதரப்பு எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம் என்று 1999இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் குழுவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. நியாயமாகப் பங்கு கொடுத்த சின்னக் கம்பெனி தோற்றது. ஆனால் இசைக்காரன் தன் பதிவைத் திரும்பப் பெறும் உரிமை ஜெயித்தது. இரண்டில் எதற்குக் கைதட்டுவது? நட்பின்பேரில் பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி சுடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எண்பதுகளின் பிக் பிளாக் பாட்டுகளிலும் பேட்டிகளிலும் ஆல்பினி வன்முறையையும் இழிசொல்லையும் அள்ளிக் கொட்டினார். அடுத்த குழுவுக்கு வன்புணர்ச்சியைப் பெயராகவே வைத்தார். ஒரு ஜப்பானியக் காமிக்ஸிலிருந்து எடுத்த பெயர் அது. கச்சேரிகளுக்கு வெளியே பெண்கள் மறியல் செய்தார்கள். அன்று அது கலகம் என்று பெயர்பெற்றது. 2021இல் அவர் பொதுவெளியில் அதற்குப் பொறுப்பேற்றார். சமத்துவப் போராட்டம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, இனி எதையும் விளையாட்டாகச் சொல்லலாம் என்று தன்னைப் போன்றவர்கள் நினைத்ததே தப்பு என்பது அவர் வந்துசேர்ந்த இடம். கலகம் யார்மேல் விழுகிறது என்று பார்க்காமல் கலகத்தைக் கொண்டாடினால், மேலே இருக்கிறவன் கீழே துப்புவதும் கலகமாகிவிடும். பணக்கணக்கில் இவ்வளவு கறாராக இருந்த ஒருவருக்கு இந்தக் கணக்கு பிடிபட முப்பது வருஷம் ஆச்சு. இழிசொல்லின் விலையை அவர் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, வேறு யாரோ கொடுத்தார்கள். காலதாமதத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

ஷெல்லாக்கின் ஆல்பங்கள் 1994, 1998, 2000, 2007, 2014, 2024 என்று வந்தன. மூன்றுபேரும் வேறு வேலை பார்த்துச் சாப்பிட்டார்கள். குழுவை நம்பி வாடகை கட்டவில்லை, அதனால் தட்டு எப்போது தயாரோ அப்போது வந்தது, பத்து வருஷம் ஆனாலும். இன்று ஒலிபரப்புத் தளங்களின் நியதி வேறு. 12 மாதத்தில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் பதிவு ராயல்டி தருவதில்லை. இடைவிடாமல் வெளியிட்டுக்கொண்டே இரு என்பதே இந்தப் புது ஏற்பாட்டின் கட்டளை. எதை மறுக்கலாம், எவ்வளவு காத்திருக்கலாம் என்பதை, பிழைப்புக்கு நாம் வேறெங்கே நிற்கிறோம் என்பதுதான் தீர்மானிக்கிறது. சுயேச்சை என்று சொல்லிக்கொள்கிற எவரிடமும் முதலில் கேட்க வேண்டியது அதையே.