பைத்தானின் பெயரில்லா வகைகள்

பைத்தான் மொழியில் எண்ணுக்கும் பட்டியலுக்கும் இருப்பதுபோல ஃபங்ஷனுக்கும் ஒரு வகை உண்டு. ஒரு ஃபங்ஷனின் வகையைக் கேட்டால் ‘ஃபங்ஷன்’ என்று விடை வரும். அதே சொல்லை நிரலில் எழுதினால், அப்படி ஒரு பெயர் இல்லை என்று பிழை வரும். இவ்வாறு மொழிக்குள் மட்டும் புழங்கும் வகைகளுக்குப் பெயர் சூட்டி வெளியே வைக்கும் இடம், அதன் நிலையான நிரலகத்திலுள்ள டைப்ஸ் மாட்யூல்.

ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்ப்பணி செய்த வீரமாமுனிவரின் எழுத்துத் திருத்தம் இதற்கு நெருங்கிய உவமை. எகரமும் ஏகாரமும் நாவில் என்றும் வேறுதான். ஓலையிலோ புள்ளி விடுபட்டு இரண்டும் ஒரே வடிவில் நின்றன. இடம் பார்த்தே படிக்க வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் அவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்தார். ஒலி பழையது, அடையாளம் புதியது. டைப்ஸ் மாட்யூல் தரும் பெயர்களும் பெரும்பாலும் அப்படிப்பட்டவையே.

அது வகைகளைப் பிடிக்கும் விதம் வியப்பூட்டுவது. பல பதிப்புகளாக அந்த மாட்யூலின் கோப்பு, எதையும் செய்யாத ஒரு ஃபங்ஷனை எழுதி, அதன் வகையைக் கேட்டு, வந்த விடைக்கு ‘ஃபங்ஷன்டைப்’ என்று பெயரிட்டது. பிழைத் தடத்தின் வகை இன்னும் நுட்பமானது. பிழை நேர்ந்தால்தான் தடம் பிறக்கும். ஆகவே கோப்பு வேண்டுமென்றே ஒரு பிழையை எழுப்பி, உடனே பிடித்து, அதனிடமிருந்து ‘ட்ரேஸ்பேக்டைப்’பைப் பெற்றது. வேலை முடிந்ததும் அந்தத் துணை ஃபங்ஷன்கள் அழிக்கப்பட்டன. இத்தனை அழகான பாடத்தைத் திறந்துகூடப் பாராமல் பைத்தான் வகுப்புகள் எண், சரம், பட்டியலோடு நின்றுவிடுவது பெரிய இழப்பு. மொழி தன்னையே ஆராயும் இடம் இதுதான்.

வெளியே வைத்த பெயர் உள்ளே போனதும் உண்டு. 2008இல் வந்த 3.0 பதிப்பு ‘நன்டைப்’ உள்ளிட்ட பல பெயர்களை நீக்கியது. எண், சரம் முதலியவற்றுக்கு வேறு பெயர் ஏற்கெனவே இருந்தது. ஒன்றுமில்லை என்பதைக் குறிக்கும் ‘நன்’ மதிப்பின் வகைக்கு இல்லை. பின்னர் வகைக் குறிப்புகள் பரவி, நிரலை ஓட்டாமலே சரிபார்க்கும் கருவிகள் வந்தன. அவற்றுக்கு நேரடியான பெயர் தேவைப்பட்டதால், 2021இல் 3.10 பதிப்பில் ‘நன்டைப்’ திரும்பியது.

பெயர் தெரிந்துவிட்டதால் எல்லாவற்றையும் கையால் ஆக்கிப் பார்ப்பது நல்லதல்ல. ஃபங்ஷனின் தொகுத்த நிரலைத் தாங்கும் கோட் பொருளின் வகையான ‘கோட்டைப்’பை நேரே அழைத்தால் அது கேட்கும் உள்ளீடுகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும், இன்று ஓடும் நிரல் அடுத்த பதிப்பில் உடையும். இருக்கும் கோட் பொருளில் வேண்டிய பகுதியை மட்டும் மாற்றிப் புதிய பிரதி எடுக்க, 3.8 பதிப்பிலிருந்து ‘ரீப்ளேஸ்’ உண்டு.