உங்களுக்குத் தெரியுமா? முயல் வளைக்குள் விழுந்த நிஜ ஆலிஸ்

★ முயலைத் துரத்திக்கொண்டு போய் வளைக்குள் விழுந்தாளே ஆலிஸ், அவள் நிஜமாகவே இருந்தவள். முழுப்பெயர் ஆலிஸ் பிளெசன்ஸ் லிடெல். பிறந்தது 1852 மே 4. அப்பா ஹென்றி லிடெல், ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரித் தலைவர். கிரேக்கம் படிக்கிறவர்கள் இன்றும் புரட்டுகிற பெரிய அகராதியைத் தொகுத்த இருவரில் அவரும் ஒருவர். அதே கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தியவர் சார்லஸ் டாட்ஜ்சன். இவர்தான் ஆலிஸ் கதையை எழுதிய லூயிஸ் கரோல். 1856இல் லிடெல் வீட்டுத் தோட்டத்தில் நின்று தேவாலயத்தைப் படம் பிடிக்க கேமராவோடு வந்தவருக்கு, தோட்டத்தில் விளையாடிய குழந்தைகளோடு பழக்கம் ஏற்பட்டது. அப்போது ஆலிஸுக்கு நான்கு வயது நிறையவில்லை.

★ 'அற்புத உலகில் ஆலிஸ்' பிறந்தது படகில். 1862 ஜூலை 4, வெள்ளிக்கிழமை. ஃபாலி பாலத்திலிருந்து காட்ஸ்டோ வரை தேம்ஸ் நதியில் சுமார் 3 மைல். துடுப்புப் போட்டவர்கள் டாட்ஜ்சனும் அவர் நண்பர் ராபின்சன் டக்வொர்த்தும். உட்கார்ந்து வந்தவர்கள் மூன்று அக்கா தங்கைகள்: லோரினா, ஆலிஸ், ஈடித். ஆலிஸுக்கு வயது 10. கரையில் இறங்கித் தேநீர் குடித்தார்கள். இரவு எட்டேகாலுக்குக் கல்லூரி திரும்பி, டாட்ஜ்சன் சேர்த்து வைத்திருந்த நுண் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் குழந்தைகள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். இதையெல்லாம் டாட்ஜ்சன் தன் டைரியில் குறித்து வைத்திருக்கிறார்.

★ அன்று நல்ல வெயில் என்றுதான் கரோல், டக்வொர்த், ஆலிஸ் மூவருமே பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். வைக்கோல் போருக்கு அடியில் நிழலுக்கு ஒதுங்கியதாகக்கூட ஆலிஸ் சொன்னார். ஆனால் வானிலைப் பதிவேடுகளைத் தேடிப் பார்த்தவர்கள், அன்று ஆக்ஸ்போர்டில் குளிரும் ஈரமுமாக இருந்தது என்று பதிவாகியிருப்பதை எடுத்துக் காட்டினார்கள். ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் இதை வைத்து வாதாடுகிறார்கள். மூன்று பேர் மனதிலும் அது வெயில் நாளாகவே தங்கிவிட்டது என்பது எனக்குப் போதும்.

★ டாட்ஜ்சன் அந்தக் குழந்தைகளுக்கு எத்தனையோ கதை சொல்லியிருக்கிறார். சொன்ன மாலையோடு அவை போய்விட்டன. இந்த ஒரு கதை மட்டும் ஏன் மிஞ்சியது? எழுதிக் கொடுங்கள் என்று ஆலிஸ் கேட்டாள். கேட்டதோடு விடவில்லை, நச்சரித்தாள். மறுநாள் லண்டன் போகும் ரயிலில் உட்கார்ந்து, கதையின் தலைப்புகளை டாட்ஜ்சன் குறித்துக்கொண்டார். அந்தப் பத்து வயதுப் பெண்ணின் பிடிவாதம் இல்லையென்றால் ஆலிஸும் இல்லை, தொப்பிக்காரனும் இல்லை. இந்தப் புத்தகத்துக்கான பாராட்டில் ஒரு பங்கு அவளுக்குச் சேர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

★ கேட்டது 1862இல். கையில் கிடைத்தது 1864 நவம்பர் 26இல். 90 பக்கம், அத்தனையும் டாட்ஜ்சன் கையெழுத்து. 37 படங்களும் அவரே வரைந்தவை. எழுத்தை முதலில் முடித்துவிட்டு, படங்களுக்காக விட்டு வைத்த இடங்களைப் பிறகு ஒவ்வொன்றாக நிரப்பினார். அந்தக் கையெழுத்துப் பிரதியில் சிரிக்கும் பூனை கிடையாது, பைத்தியக்காரத் தேநீர் விருந்தும் கிடையாது. இரண்டும் அச்சுக்குப் போகும்போது சேர்ந்தவை.

★ அச்சுக்குப் போனதற்கு இன்னொரு குழந்தையும் காரணம். எழுத்தாளர் ஜார்ஜ் மெக்டொனால்ட் வீட்டில் இந்தக் கதையை வாசித்தார்கள். அவருடைய ஆறு வயது மகன் கிரெவில், இதைப் போல 60,000 புத்தகம் வேண்டும் என்றானாம். வெளியிடுங்கள் என்று அந்தக் குடும்பமே டாட்ஜ்சனை வற்புறுத்தியது.

★ 1865இல் மாக்மில்லனுக்காக அச்சான முதல் 2,000 பிரதிகள் கடைக்கே வரவில்லை. படங்கள் சரியாக அச்சாகவில்லை என்று ஓவியர் ஜான் டெனியல் மறுத்துவிட்டார். டாட்ஜ்சன் மறுபேச்சுப் பேசாமல் அத்தனையையும் திரும்பப் பெற்று, மறுபடி அச்சடிக்க வைத்தார். ஒதுக்கிய தாள்கள் அமெரிக்காவில் ஒரு பதிப்பகத்துக்கு விற்கப்பட்டன. அந்த முதல் அச்சில் பைண்டு செய்த பிரதிகள் உலகில் இருபதுக்குச் சற்று மேல்தான் மிஞ்சியிருக்கின்றன.

★ நீண்ட பொன்னிறக் கூந்தல் வைத்த ஆலிஸ்தான் நமக்கெல்லாம் பழக்கம். நிஜ ஆலிஸுக்குக் கருங்கூந்தல், குட்டையாகக் கத்தரித்து நெற்றியில் விழும்படி சீவியது. டெனியல் தன் 42 படங்களையும் அவளைப் பார்த்து வரையவில்லை.

★ கதைக்குள் லிடெல் வீடு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது தனிச் சுகம். கண்ணீர்க் குளத்தில் நீந்திக் கரையேறும் பறவைகளில் வாத்து, டக்வொர்த். லோரி என்ற கிளி, லோரினா. கழுகுக் குஞ்சு, ஈடித். டோடோ, டாட்ஜ்சனே. அவர்கள் நனைந்துபோய் நிற்கும் காட்சிக்கும் ஆதாரம் இருக்கிறது: படகுப் பயணத்துக்குச் சில நாள் முன்பு, ஜூன் 17 அன்று, வேறொரு பயணத்தில் பெருமழையில் மாட்டி எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். ஆலிஸ் ஓயாமல் பேசுகிற பூனை டைனா, லிடெல் வீட்டுப் பூனையேதான். தேநீர் விருந்தில் தேதி கேட்கும்போது ஆலிஸ் நாலாம் தேதி என்கிறாள். மாதம் மே என்பது இன்னொரு இடத்தில் தெரிகிறது. அது அவள் பிறந்த நாள்.

★ கிணற்றுக்கடியில் பாகு குடித்து வாழ்ந்த மூன்று சகோதரிகளை நினைவிருக்கிறதா? அந்த மூவரும் இந்த மூவர்தான். கிணறும் நிஜம். ஆக்ஸ்போர்டுக்கு அருகே பின்சி என்ற சிற்றூரின் தேவாலய வாசலில் இன்றும் இருக்கிறது. புனித ஃப்ரைட்ஸ்வைட் என்ற பெண் துறவியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கிணறு அது. அதன் தண்ணீர் நோய் தீர்க்கும் என்று மக்கள் நம்பினார்கள். ஆலிஸ் வளர்ந்து பெரியவளான பிறகு, ஆக்ஸ்போர்டில் அதே துறவியின் பெயரால் அமைந்த தேவாலயத்துக்கு ஒரு மரக் கதவைத் தன் கையால் செதுக்கினாள். கதவில் ஃப்ரைட்ஸ்வைட் படகில் போய்க்கொண்டிருக்கிறாள். ஆலிஸுக்கு ஓவியம் சொல்லித் தந்தவர்களில் ஒருவர் ஜான் ரஸ்கின். கதையின் நாயகி என்று மட்டும் அவளைத் தெரிந்தவர்கள், அந்தக் கதவைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

★ கையெழுத்துப் பிரதி பரிசாக வந்து சேர்ந்தபோது பழைய நட்பு இல்லை. 1863 ஜூன் கடைசியில் டாட்ஜ்சனுக்கும் லிடெல் குடும்பத்துக்கும் பேச்சு நின்றது. அந்த நாட்களைச் சொல்லும் டைரித் தாளை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். பிறகு போக்குவரத்து திரும்பியது, ஆனால் பழைய நெருக்கம் திரும்பவில்லை. படகில் இருந்த குழந்தைக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்பதற்காகவே அந்த மனிதர் மாதக்கணக்கில் உட்கார்ந்து படம் வரைந்து முடித்திருக்கிறார்.

★ இருபது வயது ஆலிஸின் அழகான புகைப்படம் ஒன்று உண்டு. இலைகள் சூழ, ரோமானியப் பழத்தோட்டத் தேவதை பொமோனாவாக நேரே நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். 1872இல் எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் பிறந்த இவர், கடைசிக் காலத்தில் குடும்பத்தின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் அங்கேயே காலமானார். மலையகத்தில் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. ஆலிஸைப் படமெடுத்த கை, தமிழர்கள் கொழுந்து பறிக்கும் மலைகளுக்கு நடுவே உறங்குகிறது.

★ 1880இல் ஆலிஸ், ரெஜினால்ட் ஹார்கிரீவ்ஸ் என்பவரை மணந்து, லிண்ட்ஹர்ஸ்ட் என்ற ஊரில் குடியேறினார். மூன்று மகன்கள். மூத்தவர் இருவரையும் முதல் உலகப் போர் கொண்டுபோனது. 1926இல் கணவரும் போனார். பெரிய வீட்டை நடத்தப் பணம் போதவில்லை. 1928இல், அறுபத்து நான்கு வருடம் காத்து வைத்திருந்த அந்தக் கையெழுத்துப் பிரதியை லண்டனில் ஏலத்துக்கு விட்டார். 15,400 பவுண்டுக்கு அமெரிக்கப் புத்தக வியாபாரி ரோசன்பாக் எடுத்தார். அவரிடமிருந்து ஒரு கிராமபோன் கம்பெனி அதிபர் வாங்கினார்.

★ பிரதி திரும்பி வந்த விதம் இன்னும் பெரிய கதை. அந்த அதிபர் இறந்தபின் 1946இல் மறுபடி ஏலம். இந்த முறையும் எடுத்தவர் ரோசன்பாக், விலை 50,000 டாலர். அமெரிக்கர்கள் சிலர் பணம் சேர்த்து அதை வாங்கி, 1948இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரைத் தனியாகத் தாங்கி நின்ற பிரிட்டிஷ் மக்களுக்கு நன்றி சொல்ல இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழந்தைக்கு எழுதிக் கொடுத்த நோட்டு இரண்டு நாடுகளுக்கு நடுவே நன்றிக் கடனாகப் போய் நின்றது. இன்று அது பிரிட்டிஷ் நூலகத்தில்.

★ 1932, கரோலின் நூற்றாண்டு. 80 வயது ஆலிஸ் கப்பலேறி நியூயார்க் போனார். கொலம்பியா பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. சிறுமியாக இருந்தபோது ஒரு கணித ஆசிரியரின் கற்பனையைத் தட்டி எழுப்பியதற்காக! பட்டங்களிலேயே இவ்வளவு பொருத்தமான பட்டம் அபூர்வம். ஆனால் பேட்டி, கையெழுத்து, விழா என்று அவரை விடவில்லை. ஆலிஸாக இருந்து இருந்து அலுத்துவிட்டது, இப்படிச் சொல்வது நன்றிகெட்டதாகத் தோன்றுகிறதா என்று மகனுக்குக் கடிதம் எழுதினார். எழுபது வருடம் ஒரு கதைச் சிறுமியின் பெயரைச் சுமந்தவர் அவர். அந்த அலுப்பில் ஒரு தவறும் இல்லை.

★ அதே வருடம் லண்டனில், கரோல் கண்காட்சி நடந்த ஒரு புத்தகக் கடையில், ஆலிஸ் ஒருவரைச் சந்தித்தார். பீட்டர் லெவெலின் டேவிஸ், வயது 35. வளர மறுத்த 'பீட்டர் பான்' பெயர் வந்தது இவரிடமிருந்து. லண்டன் கென்சிங்டன் பூங்காவில் பழக்கமான டேவிஸ் வீட்டுச் சகோதரர் ஐவரை வைத்து ஜே. எம். பாரி அந்தப் பாத்திரத்தை உருவாக்கினார். பெயர் மட்டும் பீட்டருடையது, கேலி முழுக்க அவருக்கே. போரில் வீரப் பதக்கம் வாங்கி, சொந்தமாகப் பதிப்பகம் நடத்தியபோதும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. 1960இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அந்த இருவரும் சந்தித்த காட்சியை வைத்து 2013இல் லண்டன் மேடைக்கு ஒரு நாடகமே வந்தது.

★ கதைப் பெயரைச் சுமந்த நிஜக் குழந்தைகள் இன்னும் உண்டு. 'வின்னி த பூ' கதைகளில் வரும் கிறிஸ்டபர் ராபின், ஆசிரியர் மில்னின் ஒரே மகன். விடுதிப் பள்ளியில் சக மாணவர்கள் அவரைப் பாடாய்ப் படுத்தினார்கள். வளர்ந்தபின் டார்ட்மத் ஊரில் புத்தகக் கடை வைத்துப் பிழைத்தார். அவர் கட்டிப்பிடித்துத் தூங்கிய கரடி பொம்மை நியூயார்க் பொது நூலகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

★ வெல்வெட் உடுப்பும் சுருள் முடியுமாக வரும் 'லிட்டில் லார்ட் ஃபான்ட்லராய்', ஆசிரியை பர்னெட்டின் மகன் விவியன். அந்த உடுப்பின் பேச்சு அவரை ஆயுள் முழுக்கத் துரத்தியது. 1937இல், கவிழ்ந்த படகிலிருந்து நான்கு பேரைக் காப்பாற்ற உதவிய கையோடு மாரடைப்பில் இறந்தார். அவரை நினைக்க வேண்டியது இதற்காக.

★ ஆலிஸுக்குக் கொடுத்த பிரதியின் கடைசிப் பக்கத்தில், ஏழு வயது ஆலிஸின் நீள்வட்டப் புகைப்படம் ஒன்றை டாட்ஜ்சன் ஒட்டியிருந்தார். 1977இல்தான் தெரிந்தது, அந்தப் படத்துக்கு அடியில் அவரே வரைந்த ஆலிஸின் முகம் இருக்கிறது என்று. வரைந்தது திருப்தியாக வராமல்தான் மேலே படத்தை ஒட்டியிருக்க வேண்டும்.

★ ஆலிஸ் காலமானது 1934 நவம்பர் 16. வயது 82. இரண்டாவது புத்தகமான 'கண்ணாடிக்குள் ஆலிஸ்' கைக்குக் கிடைத்தால், ஆங்கில மூலத்தையே எடுங்கள். கடைசிக் கவிதைக்குப் போய், 21 வரிகளின் முதல் எழுத்தை மட்டும் மேலிருந்து கீழாகக் கூட்டிப் படியுங்கள். ஆலிஸ் பிளெசன்ஸ் லிடெல் என்று வரும்.