மறதிக்கு மாத்திரை தேடும் முன், பி.பி. பாருங்க!

"சாவியை எங்க வச்சேன்னே தெரியலை", "அவர் பேரு தொண்டைக்குள்ளயே நிக்குது, வெளியே வர மாட்டேங்குது". ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கும் எல்லா வீடுகளிலும் கேட்கும் பேச்சுதான் இது. வயது கூடும்போது, மூளை ஒரு தகவலைத் தேடி எடுக்கும் வேகம் கொஞ்சம் குறையும். அது இயல்பு, பயப்பட வேண்டாம்.

ஆனால் டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் வேறு. வயதானால் எல்லோருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கை, 14 காரணிகளைக் கவனித்தால் ஏறத்தாழ 45 சதவீத டிமென்ஷியா பாதிப்புகளைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது, கண், புகை, தனிமை என்று அந்தப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் நமக்குப் பழக்கமான விஷயங்கள்தான். அதனால் 'ஞாபக சக்தி' மாத்திரை விளம்பரங்களைப் பார்க்கும் முன், கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

பி.பி., சர்க்கரை: நாற்பதிலேயே கவனிங்க

நம் உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்குத் தேவை. அதைக் கொண்டு போவது நுண்ணிய ரத்தக் குழாய்கள். பி.பி.யும் சர்க்கரையும் பல ஆண்டுகள் கட்டுப்பாடில்லாமல் இருந்தால், அந்தக் குழாய்கள் மெல்ல மெல்லச் சேதமாகும். வலி எதுவும் இருக்காது என்பதுதான் சிக்கல்.

30 வயதைத் தாண்டியவர்கள் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டையும் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. "இப்ப நார்மல் ஆயிடுச்சு" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் அது நார்மலாக இருக்கிறது.

உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

வாரம் 150 நிமிட நடை

தினம் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் வேகமாக நடந்தால் போதும். மாவட்டந்தோறும் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 8 கி.மீ. நடைபாதை உண்டு. முதல் நாளே முழுவதும் நடக்க வேண்டியதில்லை, முடிந்த தூரம் நடங்கள்.

"டிவி சத்தத்தைக் கூட்டு" என்கிறாரா?

காது மந்தமானால், பலர் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். பேச்சு சரியாகப் புரியாததால் மெல்ல ஒதுங்கிவிடுவார்கள். கேட்பது குறைந்தால் பேச்சு குறையும், மூளைக்கு வேலையும் குறையும். அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பரிசோதனை செய்யலாம். தகுதியுள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை காதொலிக் கருவி வழங்குகிறது. கண்புரை அறுவை சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

போனை வாங்காதீங்க, கத்துக்கொடுங்க

அம்மா வீடியோ கால் போடத் திணறினால், போனை வாங்கி நாமே போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அடுத்த முறை அவரையே செய்யச் சொல்லுங்கள், பத்து தடவை தப்பானாலும் பரவாயில்லை. புதிதாக ஒன்றைக் கற்பது மூளைக்கு நல்ல பயிற்சி. கூடவே, ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். ஆனால் படுக்கும் நேரத்தில் போன் தள்ளியே இருக்கட்டும். 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

பைக்கில் ஏறும்போது ஹெல்மெட்டும் கட்டாயம். இளம் வயதில் தலையில் படும் பலத்த அடியும், பிற்காலத்தில் மறதிநோய்க்கு வழிவகுக்கலாம்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

- சாவியை வைத்த இடம் மறந்தால் இயல்பு. சாவி எதற்கு என்றே தெரியாவிட்டால் கவனம் தேவை.
- பழகிய தெருவில் வழி தப்புவது
- கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது
- அடுப்பை அடிக்கடி அணைக்காமல் விடுவது
- பணக் கணக்கில் திடீர்க் குழப்பம்

இவற்றில் எது இருந்தாலும், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. காலம் கடத்தினால் அந்த வாய்ப்பு கை நழுவும்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சு திடீரெனக் குழறுவது பக்கவாதத்தின் அறிகுறிகள். உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். காலையில் பார்த்துக்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

போனில் சேமித்துக்கொள்ளுங்கள்

- 108: ஆம்புலன்ஸ்
- 104: மருத்துவ ஆலோசனை
- 14567: முதியோர் உதவி எண்
- 14416: மனநல ஆலோசனை

இந்த வாரமே வீட்டில் 30 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் பி.பி. பார்த்து, தேதியோடு உங்கள் போனில் குறித்து வையுங்கள். அடுத்த முறை டாக்டர் கேட்டதும் எடுத்துக் காட்டலாம்.