ரயில் போன பாதையில் சைக்கிள்: பர்கண்டியின் பச்சை வழி

பிரெஞ்சில் 'வ்வா வெர்த்' என்றால் பச்சை வழி. பெயரைக் கேட்டதும் ஏதோ பூங்காவுக்குள் போகிற நடைபாதைன்னு தோணும். உண்மையில் அது சட்டத்தில் வரையறை உள்ள ஒரு சாலை வகை. 2004 செப்டம்பரில் வந்த அரசாணை அதை பிரெஞ்சு சாலை விதிகளுக்குள் சேர்த்தது. அந்த ஆணைப்படி மோட்டார் இல்லாத வண்டிகள், நடப்பவர்கள், குதிரையில் வருபவர்கள் ஆகியோருக்கு மட்டுமே அனுமதி இருந்தது. நுழையும் இடத்தில் நீலப் பலகை இருக்கும். (25 கி.மீ. வேகத்தில் மோட்டார் உதவி நின்றுவிடும் மின்சைக்கிளும் அங்கே சைக்கிள் கணக்குதான். ஸ்கூட்டர் கூடாது, குதிரை போகலாம்!)

சட்டம் வருவதற்கு முன்னாடியே பாதை வந்துவிட்டது. 1997-ல் தெற்கு பர்கண்டியில் ஜிவ்ரிக்கும் குளூனிக்கும் இடையே திறந்த சுமார் 44 கி.மீ. பாதையைத்தான் பிரான்சின் முதல் பச்சை வழி என்கிறார்கள். நான் ஒரு நாள் முழுக்க நிதானமாக ஓட்டியதும் அதே பாதையில்தான். அது பழைய ரயில் தடம். தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டிருக்கிறார்கள்.

ரயில் தடம் என்பதில்தான் மொத்த சுகமும் இருக்கு. நீராவி எஞ்சினுக்கு ஏற்றம் ஆகாது. அதனால் அந்தக் கால எஞ்சினியர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தில் மண் கொட்டி உயர்த்தினார்கள், வளைவுகளை அகலமாக வைத்தார்கள். சரிவு பெரும்பாலும் 1, 2 சதவீதத்தைத் தாண்டாது. இதைக் கணக்காகவே பாத்துடலாம். ஆளும் வண்டியுமாக 85 கிலோ, வேகம் மணிக்கு 15 கி.மீ. என்று வைங்க. சமதரையில் காற்றையும் உருளும் தடையையும் சமாளிக்க 50 வாட் போதும். 1 சதவீத ஏற்றத்துக்கு இன்னொரு 35 வாட் வேணும். அதே ஆள் பக்கத்து மலைச்சாலையில் 6 சதவீத ஏற்றத்தில் அதே வேகத்தில் போனால் மொத்தம் 260 வாட் ஆகும். நாற்பது வயதைத் தாண்டி நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கோடு எழுதுகிற என் மாதிரி ஆளுக்கு முதல் கணக்கு ஒரு நாள் தாங்கும், இரண்டாவது பத்து நிமிஷம்கூடத் தாங்காது.

44 கி.மீ.க்கு மிதிக்கும் நேரம் மூன்று மணிதான். மிச்சம் எல்லாம் நிற்கிற நேரம். ஜிவ்ரியில் கிளம்பினதும் திராட்சைத் தோட்டங்கள். அடுத்து புஸ்ஸி. எழுத்தில் நடுவில் 'எக்ஸ்' இருக்கும், ஆனால் உள்ளூர்க்காரங்க வாயில் 'ஸ்ஸ்'தான். அங்கே 1931-லிருந்து திராட்சை விவசாயிகளின் கூட்டுறவு சங்கம் நடக்கிறது. அப்புறம் தோட்டங்கள் குறைந்து புல்வெளியும் வெள்ளை ஷரொலே மாடுகளும் வரும். நடுவில் சேன்-ஜாங்கூ-லெ-நஸியோனால் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் பெயரின் கடைசியில் 'அரச' என்று இருந்தது. ராஜா போனதும் அது 'தேசிய' ஆகிவிட்டது. பெயர் மாற்றும் ஆசை எல்லா ஊருக்கும் பொதுதான் போல.

நடைமுறை விஷயம் ஒண்ணு. பகல் 12 முதல் 2 வரை கிராமத்தில் கடை திறந்திருக்கும்னு நம்பி வண்டியை எடுக்காதீங்க. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் காலையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கணும். தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்க. பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும். பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. குடிக்கக் கூடாது என்று பலகை தொங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கணும்.

ஓட்டும்போது என்னை உறுத்தியது பழைய நிலையங்களும் கேட் கீப்பர் வீடுகளும்தான். 1879-ல் அமைச்சர் ஃப்ரெய்சினேயின் திட்டம் சட்டமானபோது ஆயிரக்கணக்கான கி.மீ. புதிய தடங்கள் போடுவது என்று முடிவானது. சின்ன ஊர்களுக்கும் ரயில் வேணும், அப்பதான் குடியரசு அங்கே போய்ச் சேரும் என்பது எண்ணம். அரை நூற்றாண்டுக்குள் பேருந்தும் லாரியும் வந்துவிட்டன. 1938-ல் ரயில்வே தேசிய நிறுவனமான சமயத்தில், நஷ்டத்தில் ஓடிய கிராமத் தடங்களில் பயணிகள் வண்டியைக் கொத்துக் கொத்தாக நிறுத்தினார்கள். சரக்கு வண்டி பல இடங்களில் இன்னும் கொஞ்ச காலம் இழுத்தது.

பச்சை வழியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது ஒரு நாள் உல்லாசம். கார் ஓட்ட முடியாத கிராமத்துக் கிழவிக்கு ஊர் நடுவே நிற்கிற நிலையம் இன்று எதற்கும் உதவாது. ரயிலுக்குப் பதில் சைக்கிள் பாதை என்பது சமமான மாற்று கிடையாது, அதைச் சொல்லித்தான் ஆகணும். ஆனாலும் தடத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டால் அந்த ஒற்றைக் கோடு மறுபடி சேராது. நிலத்தைப் பொதுச் சொத்தாக முழுசாக வைத்திருந்தது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

விற்றால் என்ன ஆகும் என்பதற்கு சாட்சி பாதையின் முடிவிலேயே இருக்கு. குளூனி மடத்தின் பெரிய ஆலயம் 187 மீட்டர் நீளம். ரோமில் புனித பேதுரு ஆலயத்தைத் திரும்பக் கட்டும் வரை கிறிஸ்தவ உலகில் அதுதான் மிகப் பெரியது. புரட்சிக்குப் பின் 1798-ல் அதை விற்றார்கள். வாங்கியவர்கள் கல்குவாரி மாதிரி உடைத்து எடுத்தார்கள். இப்போது ஒரு பக்கக் கையும் கோபுரமும்தான் பெரிசாக நிற்கின்றன. மீதியை மனசில்தான் கட்டிக்கணும்.

தெம்பு மிச்சம் இருந்தால் குளூனியிலிருந்து மாக்கோன் பக்கம் போகலாம். வழியில் 1,601 மீட்டர் நீளமுள்ள புவா க்ளேர் சுரங்கம் வரும். உள்ளே விளக்கு உண்டு, ஆனால் கோடையிலும் குளிரும், மேல்சட்டை வேணும். குளிர்காலத்தில் வௌவால்கள் உள்ளே தூங்குவதால் சுரங்கத்தை மூடிவிடுவார்கள். அப்போது மலை மேல் ஏறித்தான் போகணும், மேலே போட்ட வாட் கணக்கு அங்கே உதவும்.