ஏரிக்கரையில் ஒரு காமிரா

சிதம்பரத்துக்கு மேற்கே உள்ள வீராணம் ஏரிக்கரையில் மாலை நேரத்தில் நிற்பவர்கள், சூரியன் நீரில் இறங்கும் காட்சியைப் படம் பிடிக்காமல் திரும்புவதில்லை. அந்த அழகில் மனம் மகிழ்வது இயல்புதான். ஆனால் அதே படம் ஏரியின் நலத்தைப் பற்றியும் நமக்குச் செய்தி சொல்லக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அமைந்தது இந்த ஏரி. அவனுடைய 'வீரநாராயணன்' என்ற பட்டப் பெயரே மருவி வீராணம் ஆயிற்று. ஏறக்குறைய 16 கி.மீ. நீளமுள்ள இதற்குக் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் வருகிறது. அந்த நீர் சுற்றுவட்டார வயல்களுக்குப் பாய்கிறது. 2004 முதல் சென்னை நகருக்கும் குடிநீராகப் போகிறது.

ஏரியின் பெரிய கரை கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் நின்று நீரைப் பார்த்தால் நம் முகம் மேற்கு நோக்கியிருக்கும். காலையில் சூரியன் நமக்குப் பின்னால் இருப்பதால், நாணலும் கொக்கும் தத்தம் நிறத்தோடு தெளிவாக விழும். மாலையில் சூரியன் எதிரே இருப்பதால் படகும் மரமும் கரிய நிழலுருவங்களாகும். அப்போது சூரிய ஒளி காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. வழியில் நீல ஒளி பெரிதும் சிதறிப்போக, சிவப்பு மிஞ்சுகிறது. ஆகவே அழகுக்கு மாலையும் ஆராய்ச்சிக்குக் காலையும் ஏற்றவை.

இன்னொன்றையும் கவனியுங்கள். காலடியில் உள்ள நீர் கலங்கலாகவும், தொலைவில் உள்ள அதே நீர் நீலமாகவும் தெரிகிறதே, ஏன்? நீரின்மேல் நேர்செங்குத்தாக விழும் ஒளியில் 100க்கு 2 பங்கே எதிரொளிக்கப்படுகிறது. மீதி உள்ளே செல்கிறது. அதனால் காலடியில் பார்க்கும்போது நீருக்குள் இருப்பது தெரிகிறது. படுகோணம் 80 பாகையானால் சுமார் 35 பங்கு எதிரொளிக்கப்படும். அதனால் தொலைவில் நாம் காண்பது பெரும்பாலும் வானத்தின் நிழல்.

கடலின் நீலமும் வெறும் வானத்தின் நிழல்தானா? 1921இல் கப்பலில் பயணம் செய்த சர் சி. வி. ராமன் இதைச் சோதித்தார். நீர்ப்பரப்பில் ஏறத்தாழ 53 பாகைப் படுகோணத்தில் எதிரொளிக்கும் ஒளி தளவிளைவு பெற்றிருக்கும். நிக்கல் பட்டகத்தின் வழியாகப் பார்த்து அவர் அந்த ஒளியைத் தடுத்துவிட்டார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது! நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதும் இதற்குக் காரணம் என்று அவர் விளக்கினார். போலராய்டு வெயிற்கண்ணாடி கிடைத்தால் அதைச் செல்பேசியின் லென்சுக்கு முன் பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு நிலையில் நீரின் பளபளப்பு மங்கி, உள்ளே இருப்பது தெரியும்.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் படமெடுத்து ஒப்பிடும் முறை பழமையானது. செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1880களின் இறுதியில் ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளை இவ்வாறு ஆராயத் தொடங்கினார். இதை நீங்களும் செய்யலாம். கரையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மதகுச் சுவர் போன்ற அசையாத பொருள் ஒன்று படத்தில் விழட்டும். மாதம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே உயரத்திலிருந்து, காட்சியைப் பெரிதாக்காமல் படம் எடுங்கள். நாள், நேரம், முந்தைய வாரத்து மழை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கூடு கட்டிய பறவைகளை நெருங்காதீர்கள்.

ஓராண்டுப் படங்களை வரிசையாக வைத்தால், வடகிழக்குப் பருவமழையில் நீர் ஏறுவதும் கோடையில் இறங்குவதும் மதகுச் சுவரில் தெரியும். ஆனால் படம் நேராகக் காட்டாத ஒன்று உண்டு. அதுதான் ஏரியின் அடியில் படியும் வண்டல். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஓரடி உயரம் வண்டல் படிந்தால், சுமார் 30 கோடி லிட்டர் நீர் நிற்க வேண்டிய இடம் போய்விடும். மேலே பார்த்தால் ஏரி நிறைந்தே தோன்றும்! நெல்வயலுக்கும் குடிநீருக்கும் வரும் ஆபத்து இப்படிக் கண்ணுக்குத் தெரியாமலே வளர்கிறது.

எனினும் செடிகள் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆழம் குறைந்த இடத்தில்தான் நாணல், நெய்வேலிக் காட்டாமணக்கு போன்றவை வேரூன்றி வளரும். ஆண்டுக்காண்டு அந்தப் பசுமை நீரை நோக்கி முன்னேறினால் அங்கே தரை உயர்ந்து வருகிறதோ என்று ஐயுற வேண்டும். அதற்குமேல் ஆழத்தை அளந்துதான் உறுதி செய்ய வேண்டும்.

படங்களை ஒப்பிட்டு உண்மை அறிவதற்குக் கடலூர் மாவட்டத்திலேயே மற்றொரு சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியதற்கு முன்னும் பின்னும் செயற்கைக்கோள்கள் எடுத்த இக்கடற்கரையின் படங்களை அறிவியலார் ஒப்பிட்டனர். பிச்சாவரம் பகுதியின் அலையாத்திக் காடுகள் போல் மரங்கள் அடர்ந்திருந்த இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைவாக இருந்ததை 2005இல் வெளியிட்டனர். அலை வருவதற்கு முன்பே எடுத்த படம் இல்லையென்றால் ஒப்பீடு ஏது?

வீராணம் இல்லாவிட்டால் என்ன? உங்கள் ஊர்க் குளமோ வாய்க்காலோ போதும். இன்று நீங்கள் எடுக்கும் படம்தான் நாளைய ஒப்பீட்டுக்கு 'முன்'. அதன் பின்புறத்தில் நாளையும் இடத்தையும் எழுதிப் பள்ளியின் அறிவியல் மன்றத்தில் சேர்த்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் நின்று படமெடுக்க உங்கள் தம்பி, தங்கையர் வருவார்கள்.