உங்க ஊர்ப் பல்லுயிர்ப் பதிவேட்டைப் பார்த்திருக்கீங்களா?

ஊர்க் கண்மாய்க்கு எந்த மாசம் எந்தப் பறவை வரும், எந்தச் சுனை கோடையிலும் வத்தாது என்பதெல்லாம் ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும். அந்தப் பறவையின் அறிவியல் பெயர் ஆய்வாளருக்குத் தெரியும். இந்த இரண்டையும் ஒரே ஏட்டில் சேர்ப்பதுதான் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு.

பல்லுயிர்ச் சட்டம், 2002-ன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்களைக் கலந்து பதிவேடு தயாரிப்பது அதன் முக்கிய வேலை. மரம், மீன், நாட்டு நெல், கால்நடை, மூலிகை எல்லாம் இதில் வரும். வைத்திய முறையை வெளியே சொல்ல விருப்பமில்லை என்றால் ரகசியமாக வைக்கும்படி கேட்கலாம். தயங்காம கேளுங்க.

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்கிறீர்களா? மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் தமிழி கல்வெட்டு, சமணர் படுக்கை, குடைவரைக் கோயில், மலையில் கூடு கட்டும் வல்லூறுகள் எல்லாம் உண்டு. ஊர்க்காரங்களும் பறவை ஆர்வலர்களும் தொல்லியல் ஆய்வாளர்களும் சேர்த்த விவரங்கள் இருந்ததால், அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. பறவைகள் மட்டும் சுமார் 250 வகை. 2024-ல் அதே வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது மக்கள் போராடினார்கள்; டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது; 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பதிவு மட்டுமே இதைச் சாதித்துவிடவில்லை. ஆனா, "அங்கே அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டவர்களுக்குக் காட்ட ஒரு அரசாணை கையில் இருந்தது.

உங்க ஊரில் என்ன நிலை? கிராம சபையில் பதிவேட்டின் நகலைக் கேளுங்க. வாங்கியதும் வீட்டுப் பெரியவங்களிடம் படித்துக் காட்டுங்க, விட்டுப்போன பெயர்களைச் சொல்வார்கள். செல்போன் கேமராவில் லொகேஷனை ஆன் செய்து படம் எடுத்தால் தேதியும் இடமும் தானாகப் பதிவாகும். ஐநேச்சுரலிஸ்ட், இ-பேர்ட் செயலிகளில் ஏற்றினால் விவரம் தெரிந்தவர்கள் இனத்தைச் சரிபார்க்க உதவுவார்கள். அதைக் குழுவிடம் கொடுக்கலாம். கூட்டில் இருக்கும் அரிய பறவை என்றால் மட்டும், ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மறைக்கும் வசதி இருக்கிறது. அதைத் தேர்வு செய்துவிட்டு அப்புறம் படத்தை ஏற்றுங்க.